விடுவித்த மீனுக்குக் கணக்கு உண்டா?

புது தில்லி: மீனைப் பிடிப்பது தொழில். பிடித்த மீனைப் படம் எடுத்துக்கொண்டு மீண்டும் கடலிலேயே விட்டுவிடுவது பொழுதுபோக்கு. இந்த இரண்டாவது வகை மீன்பிடி அந்தமான் தீவுகளில் கடந்த இருபது ஆண்டுகளில் ஆரவாரமின்றி வளர்ந்துள்ளது. ஆஸ்திரேலியா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களிலிருந்தும், அண்மைக் காலமாக நம் நாட்டுப் பெருநகரங்களிலிருந்தும் வருபவர்கள், ஒரு நாள் படகுச் சவாரிக்குப் பெருந்தொகை செலுத்திப் பாரை மீனுடன் மல்லுக்கட்டிவிட்டுத் திரும்புகின்றனர். மீன் கடலுக்கே திரும்பிவிடுகிறது என்பதால், இதனால் எவருக்கும் இழப்பில்லை என்பது சுற்றுலா நிறுவனங்களின் வாதம்.

அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. விடுவிக்கப்பட்ட மீன் பிழைத்ததா, இறந்ததா என்பது நம் நாட்டின் மீன்வளக் கணக்கு எதிலும் இடம்பெறுவதில்லை. கணக்கில் வராத ஒன்றை "நிலைத்த வளர்ச்சி" என்று விளம்பரப்படுத்துவது எளிது, மெய்ப்பிப்பது கடினம்.

தீவுகளின் ஈர்ப்பு

சிறு தீவுகளையும் பாறைத் திட்டுகளையும் சேர்த்து 836 என்று கணக்கிடப்படும் அந்தமான் நிகோபார் தீவுகளின் கடற்கரை நீளம் பழைய அளவீட்டின்படி 1,962 கிலோ மீட்டர். இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் ஏறத்தாழ 6 லட்சம் சதுர கிலோ மீட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான பரப்பு, இத்தீவுகளைச் சுற்றியே அமைந்துள்ளது. 2024-இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்தும், 2018-இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் பெற்ற ஹேவ்லாக்கிலிருந்தும் புறப்படும் தூண்டில் படகுகள், நாட்டின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலையான பேரன் தீவு வரை செல்கின்றன. தலைநகரிலிருந்து அது ஏறத்தாழ 140 கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது.

இவர்கள் தேடி வருவது பெரும்பாலும் "ஜயண்ட் டிரெவலி" எனப்படும் பெரும் பாரையை. பவளத் திட்டுகளின் விளிம்பில் வேட்டையாடும் இம்மீனின் உலகச் சாதனை எடை 72.8 கிலோ, 2006-இல் ஜப்பானின் ககோஷிமா பகுதியில் பிடிபட்டது. பாரையைத் தவிரச் சூரை, வஞ்சிரம், மயில்கோலா, சீலா, களவா, செப்பிலி ஆகியவையும் தூண்டிலில் சிக்குகின்றன.

சாதனையைப் பதிவு செய்ய மீனைக் கொன்று தராசில் தொங்கவிட வேண்டும் என்ற பழைய வழக்கம் மாறத் தொடங்கிவிட்டது. 1939-இல் தொடங்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், மீனின் நீளத்தை அளந்துவிட்டு உயிருடன் விடுவதற்கும் சாதனைச் சான்று வழங்கும் முறையை 2011-இல் கொண்டுவந்தது. அந்தமானுக்கு வரும் தூண்டில்காரர்களில் பலர் இந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவர்கள் என்பது பாராட்டத்தக்கது. ஆனால் அவர்கள் மீனை விடுவதற்குக் காரணம் அவர்களது நன்னெறியும் படகு உரிமையாளரின் வணிக நலனும்தான். நன்னெறி இல்லாத ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

விட்டபின் என்ன நடக்கிறது?

தூண்டிலில் சிக்கிய மீன் தன் முழு பலத்தையும் செலவிட்டுப் போராடுகிறது. அதன் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. இரத்தத்தின் இயல்பு மாறுகிறது. அந்தக் களைப்புடன் நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கப்படும்போது அதன் செவுள்கள் ஒட்டிக்கொண்டு மூச்சு முற்றிலும் தடைபடுகிறது. நூறு மீட்டர் ஓடி முடித்த ஒருவரின் தலையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடிப்பதற்கு ஒப்பானது இது. உலர்ந்த கையால் தொட்டால் நோய்க் கிருமிகளைத் தடுக்கும் கோழைப் படலம் உரிந்துபோகிறது. கனத்த மீனைத் தாடையைப் பற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படுகின்றன. விடுவிக்கப்பட்ட மீன் தடுமாறி நீந்தும் சில நிமிடங்களில் சுறாவுக்கு இரையாவதும் உண்டு.

ஆழ்கடல் மீனின் நிலை இன்னும் மோசமானது. களவா, செப்பிலி போன்றவற்றின் உடலுக்குள் காற்றுப்பை இருக்கிறது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்படும்போது நீரழுத்தம் குறைவதால் அது ஊதிப் பெருத்து, வயிற்றை வாய் வழியே வெளித்தள்ளுகிறது; கண்கள் பிதுங்குகின்றன. அந்த நிலையில் கடலில் விட்டால் மீன் கீழே இறங்க முடியாமல் மேற்பரப்பிலேயே மிதந்து மடிகிறது. "விட்டுவிட்டோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். "வாழவிட்டோம்" என்று சொல்ல இயலாது.

அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2005-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு, அதுவரை நடந்த 53 ஆய்வுகளிலிருந்து 274 மதிப்பீடுகளைத் திரட்டியது. விடுவிக்கப்பட்ட மீன்களில் இறப்பவற்றின் சராசரி விகிதம் 18 சதவீதம் என்றும், மதிப்பீடுகளின் நடு அளவு 11 சதவீதம் என்றும் அது கண்டது. ஆனால் மீனினம், ஆழம், தூண்டில், கையாளும் முறை ஆகியவற்றைப் பொறுத்து இந்த விகிதம் பூஜ்யத்திலிருந்து 95 சதவீதம் வரை மாறுபட்டது. கவனிக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். ஒரே செயல், ஒழுங்காகச் செய்தால் ஏறக்குறைய தீங்கற்றது. தவறாகச் செய்தால் கொலைக்குச் சமமானது. இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பவை விதிமுறைகளும் பயிற்சியும்தான்.

சிறு பங்குதானே?

"ஆண்டுக்குப் பல லட்சம் டன் மீனை வாரி எடுக்கும் விசைப்படகுகளை விட்டுவிட்டு, சில நூறு தூண்டில்காரர்களைக் குறை சொல்வதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீட்டின்படி, 2024-இல் நாட்டின் பெருநிலக் கடற்கரையில் கரைசேர்ந்த மீன் 34.7 லட்சம் டன். இதனோடு ஒப்பிட்டால் தூண்டில் சுற்றுலா ஒரு துளி.

ஆனால் அந்தத் துளி எங்கே விழுகிறது என்பது முக்கியம். இழுவலை கண்டதையெல்லாம் அள்ளுகிறது. பொழுதுபோக்குத் தூண்டிலோ ஒரு சில திட்டுகளில், ஒரு சில இனங்களில், ஆகப்பெரிய மீன்களையே குறிவைக்கிறது. மீனினங்களில் பெரிய தாய்மீன்களே இனப்பெருக்கத்தின் முதுகெலும்பு. ஒரு பெரிய மீன் இடும் முட்டைகள், அதே எடைக்குச் சமமான பல சிறு மீன்கள் இடும் முட்டைகளைவிட மிக அதிகம். களவாவில் இன்னொரு சிக்கல் உண்டு. பல களவா இனங்கள் பெண்ணாகப் பிறந்து, வளர்ந்தபின் ஆணாக மாறுகின்றன. பெரியவற்றை மட்டும் தேர்ந்து எடுத்தால் ஆண் மீன்களே அருகிவிடும். பாரையும் களவாவும் குறிப்பிட்ட நிலவு நாள்களில், குறிப்பிட்ட இடங்களில் கூட்டமாகக் கூடி இனப்பெருக்கம் செய்பவை. அந்த இடத்தை அறிந்த படகோட்டிக்கு அது பொற்சுரங்கம். மீனுக்கு அது பொறி.

1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளின் கடல்வெப்பத்தால் அந்தமான் பவளத் திட்டுகள் வெளிறிப் பாதிக்கப்பட்டன. இடையில் 2004 சுனாமி. ஏற்கெனவே நலிவுற்ற திட்டுகளிலிருந்து வேட்டை மீன்களும் குறைந்தால், அதன் விளைவு அந்தத் திட்டுகளை நம்பி வாழும் உள்ளூர் மீனவரின் வலையில்தான் முதலில் தெரியும்.

காவிரி கற்பித்த பாடம்

தூண்டில்காரர்களை விரட்டிவிட்டால் தீர்ந்தது என்ற முடிவுக்கும் அவசரப்பட்டு வர வேண்டியதில்லை. இதற்குக் கர்நாடகக் காவிரியின் அனுபவமே சான்று.

பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாகளி ஆகிய இடங்களிலிருந்த தூண்டில் முகாம்களுக்கு, மஹசீர் என்னும் பெருங்கெண்டையைப் பிடித்து விடுவதற்காக உலகெங்குமிருந்து ஆர்வலர்கள் வந்தனர். ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக மீன்பிடித்தவர்கள் சிலர் அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியில் தூண்டில் மீன்பிடிக்கு இடமில்லை என்ற நிலைப்பாட்டின்படி 2012-இல் இது நிறுத்தப்பட்டது.

பின்னர் ஆய்வாளர்கள் காலிபோரே முகாமின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பில் 6,161 மஹசீர் மீன்கள் பிடித்து விடுவிக்கப்பட்டிருந்தன. அந்தப் பதிவேடு ஒரு பேருண்மையை வெளிக்கொணர்ந்தது. மொத்த எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்திருந்தது. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மஹசீர் ஆண்டுதோறும் அருகி, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர் அதன் இடத்தைப் பிடித்திருந்தது. நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட மீன்குஞ்சு இருப்பு வைப்பே மண்ணின் மீனுக்கு வினையாயிற்று. 2018-இல் திமில் மஹசீரின் அறிவியல் அடையாளம் உறுதிசெய்யப்பட்டது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது.

பொழுதுபோக்குக்காக எழுதி வைத்த குறிப்பேடு இல்லாமற்போயிருந்தால், ஒரு மீனினம் அழிந்து வருவதே தெரியாமற்போயிருக்கும். தூண்டில்காரர், முறைப்படுத்தப்பட்டால், செலவில்லாத கணக்கெடுப்பாளர். காவிரியில் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைப் பயன்படுத்தும் சட்ட ஏற்பாடு இல்லை. அந்தமானில் இன்று இரண்டுமே போதுமானதாக இல்லை.

குஜராத் காட்டிய வழி

சட்டம், கணக்கு, மக்கள் பங்கேற்பு மூன்றும் இணைந்தால் "விடுவித்தல்" எப்படிப் பலனளிக்கும் என்பதற்குச் சௌராஷ்டிரக் கடற்கரையைப் பார்க்க வேண்டும். அது பொழுதுபோக்கு மீன்பிடி அல்ல. தொழில்முறை மீனவர்கள் தம் வலையில் சிக்கிய திமிங்கிலச் சுறாவை விடுவித்த கதை.

ஒரு காலத்தில் கல்லீரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்ட இம்மீன், 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சட்டம் மட்டும் போதவில்லை. 2004-இல் குஜராத் வனத்துறையும் தன்னார்வ அமைப்பும் தனியார் நிறுவனமும் இணைந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கின. ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகளுக்கு இம்மீனை ஒப்பிட்டார். "வஹாலி", அதாவது அன்புக்குரியவள், என்ற பெயர் கடலோர ஊர்களில் பரவியது. வலையை அறுத்துச் சுறாவை விடுவிக்கும் மீனவருக்கு வலையின் இழப்பை அரசு ஈடுசெய்தது. விடுவித்ததை மீனவரே படம் எடுத்துப் பதிவுசெய்யும் முறையும் வந்தது. இதுவரை நூற்றுக்கணக்கான திமிங்கிலச் சுறாக்கள் உயிருடன் கடலுக்குத் திரும்பியுள்ளன.

இங்கே விடுவித்தவர் ஏழை மீனவர். அவருக்கு இழப்பீடு கிடைத்தது, மதிப்பும் கிடைத்தது. அந்தமானில் விடுவிப்பவர் வசதி படைத்த பயணி. அவர் விட்ட மீனால் உள்ளூர் மீனவருக்குக் கிடைத்தது என்ன என்று கேட்க யாரும் இல்லை.

விளையாட்டா, வதையா?

விடுவித்தலின் மீதே எழுப்பப்படும் அறக்கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. உண்பதற்காகப் பிடிப்பது இயற்கை. விளையாட்டுக்காக ஓர் உயிரைத் துன்புறுத்திவிட்டு விடுவது என்ன நியாயம் என்று கேட்கும் நாடுகள் உண்டு. சுவிட்சர்லாந்தில், விடும் எண்ணத்துடனேயே மீன்பிடிப்பதற்கு 2009-இல் தடை நடைமுறைக்கு வந்தது. தக்க காரணமின்றி உயிர்களுக்கு வலி தரக்கூடாது என்ற ஜெர்மானிய விலங்கு நலச் சட்டத்தின் கீழும் இது குற்றமாகக் கருதப்படக்கூடும். நேர்மாறாக, அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2013-இல் டார்ப்பன் மீனைப் பிடித்தால் விட்டே ஆக வேண்டும் என்று விதித்தது. சாதனைக்காக வைத்துக்கொள்ள விரும்புபவர் தனி அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும்.

நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் "விலங்கு" என்பது மனிதரல்லாத எந்த உயிரையும் குறிக்கும். உணவுக்காகக் கொல்வதற்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது; விளையாட்டு மீன்பிடிக்கென வெளிப்படையான விலக்கு எதுவும் அதில் இல்லை. எனவே மத்திய அரசு இத்துறையை ஊக்குவிக்க விரும்பினால், எந்த நெறிமுறைக்கு உட்பட்டு இது அனுமதிக்கப்படுகிறது என்பதைச் சட்டமாகச் சொல்வதே நேர்மை.

ஊக்கம் உண்டு, ஒழுங்கு எங்கே?

ஊக்குவிக்கும் விருப்பம் தில்லிக்கு இல்லாமல் இல்லை. மீன்வளத்துக்கென 2019-இல் தனித் துறை உருவானது. 2020-இல் ரூ. 20,050 கோடி மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், அலங்கார மீன் வளர்ப்புடன் பொழுதுபோக்கு மீன்பிடிக்கும் இடம் அளிக்கப்பட்டது.

ஒழுங்குமுறைக்கோ வழக்கமான ஒரு காரணம் சொல்லப்படும். அரசியல் சாசனப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 12 கடல் மைல் எல்லைக்கு அப்பாலுள்ள மீன்பிடி மத்தியப் பட்டியலில் வருகிறது. மத்திய அரசின் மாதிரி மசோதாவைத் தொடர்ந்து கேரளமும் கோவாவும் 1980-இலும், தமிழகம் 1983-இலும், பிற மாநிலங்கள் அடுத்தடுத்தும் இயற்றிய கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்கள், நாட்டுப் படகுக்கும் விசைப்படகுக்கும் இடையிலான பூசலைத் தீர்க்க எழுந்தவை. தூண்டில் சுற்றுலாவை அவை மனதில் கொண்டதில்லை.

ஆனால் அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் இந்தக் காரணம் பொருந்தாது. இரண்டும் யூனியன் பிரதேசங்கள். கரையோரக் கடலும் ஆழ்கடலும் தில்லியின் பொறுப்பிலேயே உள்ளன. மாநிலத்தின் மீது பழிபோட வழியில்லாத இடத்தில், மத்திய அரசு நினைத்தால் நாட்டுக்கே முன்மாதிரியான விதிகளை உருவாக்க முடியும். 2012-இல் ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு பொழுதுபோக்கு மீன்பிடிக்கென வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் கைவசம் உள்ளன.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தூண்டில் சுற்றுலாப் படகு ஒவ்வொன்றும் மீன்வளத் துறையில் தனிவகையாகப் பதிவுபெற வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் சிக்கிய மீனினம், நீளம், ஆழம், விடப்பட்டதா, இறந்ததா என்பதைக் குறிப்பேட்டில் எழுதி ஒப்படைப்பது உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும். கரைசேரும் மீனை மட்டுமே எண்ணும் நம் கணக்கெடுப்பு முறையில், கரைக்கு வராத மீனை எண்ண வேறு வழியில்லை.

மூன்று கிளைத் தூண்டிலுக்குப் பதில் எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டிலும், உயிரிரை வைத்துப் பிடிப்பவர்களுக்குத் தொண்டைக்குள் இறங்காத வட்டத் தூண்டிலும் கட்டாயமாக வேண்டும். ஆழத்து மீனை மீண்டும் ஆழத்துக்கே இறக்கிவிடும் எளிய கருவியைப் படகில் வைத்திருக்க வேண்டும். மெக்சிகோ வளைகுடாவின் திட்டு மீன்களைப் பிடிப்பவர்கள் இத்தகைய கருவியையோ காற்றை வெளியேற்றும் கருவியையோ வைத்திருப்பதை அமெரிக்கா 2022-இல் கட்டாயமாக்கியது. இனப்பெருக்கத்துக்கு மீன் கூடும் இடங்களை அந்தந்தக் காலத்தில் மூட வேண்டும். சட்டத்தின் முதல் அட்டவணையிலுள்ள ராட்சதக் களவாவும் அரிய சுறா இனங்களும் தற்செயலாகச் சிக்கினால், படகில் ஏற்றாமல் நீரிலேயே விடுவிக்கும் பயிற்சி வழிகாட்டிகளுக்கு அளிக்கப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூர் மீனவருக்கு இதில் உரிமையுள்ள பங்கு வேண்டும். 2015 முதல் ஆண்டுக்கு 61 நாள்கள் தொழிலை நிறுத்திவைக்கும் தடைக்கால விதிக்கு மீனவர்கள் கட்டுப்படுகின்றனர். அந்தமானை உள்ளடக்கிய கிழக்குப் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இத்தடை அமலாகிறது. மீன்வளத்துக்காக வயிற்றைக் கட்டும் அவர் கண்ணெதிரே, அதே மீனை விளையாட்டுக்காக வேறொருவர் தூண்டிலிட்டால் அந்த விதியின் மீது யாருக்கு மதிப்பு வரும்? தடைக்காலம் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பயணியிடம் வசூலிக்கும் உரிமக் கட்டணத்தில் ஒரு பகுதி மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் செல்ல வேண்டும். வழிகாட்டி, படகோட்டி வேலைகளில் தீவு மீனவர்களுக்கு முன்னுரிமை வேண்டும்.

2010 கணக்கெடுப்பின்படி நாட்டின் பெருநிலக் கடற்கரையில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கடல் அவர்களுக்குக் காட்சிப்பொருள் அல்ல. நாளை கோவாவிலும் லட்சத்தீவிலும் ஒடிசாவிலும் தூண்டில் சுற்றுலா வளரும்போது எழப்போகும் உரசலுக்கான விடையை இன்றே அந்தமானில் எழுதிவிடலாம். தொழில் பெருகியபின் விதி எழுதப் போனால், விதியை எழுதுவது அரசாக இருக்காது, முதலீடாகத்தான் இருக்கும்.

பிடித்த மீனை விடுவது நல்ல பழக்கம். ஆனால் பழக்கம் வேறு, கொள்கை வேறு. விட்டவரின் பெருந்தன்மை புகைப்படத்தில் பதிவாகிறது. மீனின் கதி எங்கும் பதிவாவதில்லை. அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறக்க வேண்டிய கடமை தில்லிக்கு இருக்கிறது.